பரங்கிமலைச் சிலுவையில் எழுதியிருப்பது



சென்னையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் பரங்கிமலை ஸ்டேஷனில் தினமும் ரயில் ஏறுகிறீர்கள். அந்த மலை உச்சியில் இருக்கும் மாதா கோயிலைப் பற்றித்தான் இன்றைய பதிவு.

இன்று அது கத்தோலிக்க ஆலயம். ஆனால் அதன் பீடத்தில் இருக்கும் கற்சிலுவை கத்தோலிக்கர் செதுக்கியது அல்ல. போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகத் தொடர்புடைய கிறிஸ்தவர்கள் நம் கடற்கரைகளில் இருந்தார்கள். அவர்கள் ரோமாபுரிப் போப்பாண்டவருக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர், கீழைத் திருச்சபையினர். வழிபாட்டு மொழி சிரியாக்.

1547-ல் போர்ச்சுகீசியர் அங்கே ஆலயம் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது இந்தச் சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றி வளைவாக ஒரு வரி எழுத்து. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. பண்டிதர் ஒருவரை அழைத்துக் காட்டினார்கள். புனித தோமாவின் வரலாறே அதில் இருப்பதாக அவர் நீளமாகச் சொன்னார். அவர்களும் நம்பிவிட்டார்கள்.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1873-ல், பர்னல் என்ற ஆங்கிலேய அதிகாரி அது பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து என்று எழுதினார். தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவரும் அவரே. கோட்டயம் வலியபள்ளிச் சிலுவையிலும் இதே வாசகம் உண்டு. பின்னால் வந்த அறிஞர்கள் வெவ்வேறு விதமாகப் படித்தார்கள். அதிகம் எடுத்துக்காட்டப்படும் வாசிப்பின்படி, சிலுவையைச் செதுக்கிய சிரியர் ஒருவர் தன்மீது இரங்கும்படி கிறிஸ்துவை வேண்டுகிறார். அவ்வளவுதான். தோமா அங்கே உயிர்நீத்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதைப் பற்றி இந்தக் கல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மக்களின் வழிபாடு மலையில் நின்றுபோயிற்று. அவர்கள் குரலாக மிஞ்சியது இந்த ஒரு வரி. அதன்மேலும் வேறொருவர் கதையை ஏற்றிவிட்டோம். இத்தனைக்கும் அந்த மலையில் பகை மட்டும் இருந்ததில்லை. ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் தன் செலவில் மலைக்குப் படி கட்டிக் கொடுத்தார்.

இதை நமக்கு ஏன் சொல்கிறேன்? கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வேடியப்பன் என்று நாம் கும்பிடும் கற்கள் பலவும் நடுகற்கள். மாடு மீட்கப் போய் மாண்ட வீரனின் பெயரும் ஊரும் சிலவற்றில் வெட்டியிருக்கும். கும்பிடுவது தவறில்லை. எண்ணெயும் சுண்ணாம்பும் ஏறி எழுத்து மறைந்தால் அந்த வீரன் இரண்டாம் முறை சாகிறான்.

கம்பெனிக்கும் லேஅவுட்டுக்கும் நிலம் சமன் செய்யும் வேலையில் நம் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். எழுத்துள்ள கல் தென்பட்டால் ஜே.சி.பி.யை நிறுத்துங்கள். ஒரு படம் எடுத்து கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். படிக்கத் தெரிந்தவர் வரும்வரை கல் அங்கேயே இருக்கட்டும்.