‘சரி பண்ணும்’ செயலிகள்: கறுப்புத் தோலும் படத் திருத்தத்தின் வரலாறும்

அம்மா இறந்த மறுநாள், மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டியிருந்தது. திருச்சி கே.கே. நகரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து ஸ்டுடியோவுக்கு என் செல்போனில் இருந்த படத்தை அனுப்பினேன். பிரேம் போட்டு வந்ததைப் பார்த்து அக்கா கேட்டாள்: ‘இது யாருடா?’ அம்மாவின் கறுப்பு போயிருந்தது. நெற்றிச் சுருக்கங்கள் இல்லை. ஸ்டுடியோக்காரரிடம் போய்க் கேட்டேன். ‘நான் ஒண்ணும் பண்ணல சார், ஆப்ல போட்டா அதுவே சரி பண்ணிடுது’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரும் என் நிறம்தான். ஆனால் ‘சரி பண்ணுவது’ என்றால் என்ன? எது பிழை என்று முடிவு செய்தது யார்?

படத்தைத் திருத்துவது செல்போனோடு வந்த சங்கதி அல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னியஸ் ட்ரைப், திருச்சி, ஸ்ரீரங்கம் படங்களை 1858-ல் தொகுதிகளாக வெளியிட்டார். அன்றைய ரசாயனம் நீல ஒளியை அதிகம் வாங்கிக்கொள்ளும், வானம் வெறுமையாகிவிடும். அதனால் நெகடிவில் தூரிகையால் மேகம் தீட்டுவது அவர் வழக்கம். இன்றைய செயலிகள் விரலால் தொட்டதும் வானத்தை மாற்றுவது அதன் தொடர்ச்சிதான். பிறகு ஸ்டுடியோக்களில் பென்சிலால் முகத்தை ‘டச்சப்’ செய்தார்கள். அங்கே ஒரு கை இருந்தது. அந்தக் கையிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்தது.

கலர் பிலிம் வந்தபோது ‘சரி’ என்பது இயந்திரத்துக்குள் போனது. 1950களிலிருந்து கோடக் நிறுவனம் படம் அச்சிடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. ‘ஷெர்லி அட்டை’ என்று பேர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக விழுந்தால் மெஷின் சரி. மற்ற தோல்களெல்லாம் அவளிலிருந்து விலகியவை. பிலிமில் பழுப்பு நிறம் மேம்பட்டதில் சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகளின் புகாருக்குப் பங்குண்டு என்கிறார் கனடிய ஆய்வாளர் லார்னா ராத். சரக்குக்குக் கிடைத்த கவனம் மனிதத் தோலுக்குக் கிடைக்கவில்லை.

பிலிம் போனது, ஷெர்லி போகவில்லை. 2017-ல் ஃபேஸ்ஆப் செயலியின் ‘கவர்ச்சி’ வடிகட்டி கறுத்த முகங்களை வெளுக்க வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனர் மன்னிப்புக் கேட்டார். செயலியைப் பழக்கிய படங்களின் சார்பு என்று காரணமும் சொன்னார். இங்கே 1975-லிருந்து விற்ற ‘ஃபேர் அண்ட் லவ்லி’யின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ நீக்கப்படும் என்று 2020 ஜூன் 25 அன்று அறிவித்தார்கள். நாலே நாளில், ஜூன் 29 அன்று, மைய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. முகத்துக்கு அழகூட்டும் பியூட்டி பிளஸ், மெய்ட்டு, ஸ்வீட் செல்ஃபி எல்லாம் அதில் உண்டு. சொல்லப்பட்ட காரணம் தேசத்தின் இறையாண்மை, பாதுகாப்பு. தோல் பற்றிப் பேச்சே இல்லை. தடைக்குப் பிறகும் வெளுப்பு நிற்கவில்லை என்பதற்கு அம்மாவின் படமே சாட்சி.

அப்படியானால் செயலிகளைத் தூக்கியெறிவதா? 2011-ல் வந்த ஸ்னாப்சீட், 2012-ல் கூகுள் கைக்குப் போய், அந்த வருடக் கடைசியில் ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைத்தது. கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாதவர் கைக்கும் அந்த வித்தை வந்தது. இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. 2021-ல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் கறுத்த தோல் உள்ளபடி விழ ‘ரியல் டோன்’ என்று ஒன்றைச் சேர்த்தது. வேறு மாதிரியும் செய்ய முடியும் என்றால், இதுவரை நடந்தது தொழில்நுட்பத்தின் ‘இயல்பு’ அல்ல, ஒரு தேர்வு.

ஸ்டுடியோக்காரரும் நானும் மூலப்படத்தை ஸ்னாப்சீடில் திறந்தோம். முகத்தை வழவழப்பாக்கும் பக்கமே போகவில்லை. ‘செலக்டிவ்’ கொண்டு கண்ணோர நிழலை மட்டும் கொஞ்சம் ஏற்றினோம். அம்மா வந்துவிட்டாள். ‘உங்களுக்குச் சரி சார். மத்தவங்களுக்கு இப்படியே குடுத்தா திருப்பிக் கொண்டாந்துடுறாங்க. பொண்ணு போட்டோன்னா கேக்கவே வேணாம்’ என்றார் அவர்.

அதற்கு என்னிடம் பதிலில்லை. அக்காவுக்கு மாப்பிள்ளை தேடியபோது எடுத்த படத்தில் பவுடர் அப்பச் சொன்னது எங்கள் வீடுதான். செயலியைக் குற்றம் சொல்வதோடு நாம் தப்பிக்க முடியாது.