குதிகாலில் முளைத்த முள்



சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவளும் இப்போது டீச்சர்தான். "சார், காலையில கட்டில விட்டு இறங்கி கால ஊனவே முடியல. எக்ஸ்ரே எடுத்தேன். குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்காம். ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா சரியாயிடுமா?" என்றாள். குரலில் அவ்வளவு பயம்.

முப்பத்து மூன்று வருடம் கரும்பலகை முன்னால் நின்றவன் நான். எனக்கும் ஒரு காலத்தில் இதே வலி, இதே எக்ஸ்ரே, இதே வார்த்தை. "எலும்பு வளர்ந்திருக்கு" என்று கேட்டதும் ஏதோ ஆணி கீழ்நோக்கிக் குத்திக்கொண்டிருப்பதாக நினைத்துப் பல இரவு தூங்கவில்லை. வரலாற்று வாத்தியார் அல்லவா, பிறகு இந்த முள்ளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். உங்களில் ஆசிரியர்கள், நர்சுகள், கண்டக்டர்கள், கடையில் நிற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

குதிகால் வலி புதிதல்ல. சுசுருத சம்கிதையிலேயே 'வாதகண்டகம்' என்று ஒரு நோய் வருகிறது. கண்டகம் என்றால் முள். எக்ஸ்ரே இல்லாத காலத்தில், முள் குத்துவது போன்ற வலிக்கு வைத்த பெயர் அது. நம் வீடுகளிலும் குதிகால் வாதம் என்று சொல்லி, சூடான செங்கல் மேல் எருக்க இலையைப் போட்டுக் குதிகாலை வைத்து ஒத்தடம் கொடுத்தார்கள். எலும்பு வளர்ந்திருக்கிறது என்று யாரும் பயப்படவில்லை, ஏனென்றால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். ஐந்தே வருடத்தில், 1900இல், பிளெட்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் குதிகால் எலும்பின் அடியில் முள் போல ஒரு நீட்சி இருப்பதை எழுதினார். வலிக்கும் இடத்தில் ஒரு முள் தெரிந்தால் மனிதன் என்ன நினைப்பான்? அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த முள் ஏன் வந்தது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. 1906இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர அறுவை மருத்துவர் வில்லியம் பேயர், வெட்டை எனும் பால்வினை நோயால் இது வருகிறது என்று எழுதினார். யோசித்துப் பாருங்கள். கால் வலி என்று போனவன் மீது ஒழுக்கக்கேடு என்ற சந்தேகமும் விழுந்திருக்கும். அந்தக் கருத்து பிறகு கைவிடப்பட்டது. ஆனால் முள்ளை வெட்டி எடுக்கும் பழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

திருப்பம் 1963இல் வந்தது. ரூபின், விட்டன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எளிய காரியம் ஒன்று செய்தார்கள். குதிகால் வலியே இல்லாத 461 பேரின் எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள். 27 சதவீதம் பேருக்கு முள் இருந்தது! அதே ஆண்டு டான்ஸ் என்பவர், வலி உள்ளவர்களிலேயே சுமார் பாதிப் பேருக்குத்தான் முள் இருக்கிறது என்று காட்டினார். முள் இருந்தும் வலி இல்லாதவர் உண்டு. முள் இல்லாமல் வலியால் துடிப்பவரும் உண்டு.

பிறகு வலி எங்கிருந்து? குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. பிளான்டார் ஃபேசியா என்பார்கள். வில்லுக்கு நாண் போல, பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். அது குதிகாலில் பிடித்திருக்கும் இடம் ஓயாத பாரத்தால் நைந்துபோகிறது. சாதாரண எக்ஸ்ரே எலும்பைத்தான் தெளிவாகக் காட்டும், இந்த நாரைக் காட்டாது. அதனால்தான் பல காலம் பழி எலும்பின் மேல் விழுந்தது. இன்னொன்று, அந்த முள் தரையை நோக்கி வளர்வதில்லை. விரல்களை நோக்கிக் கிடையாகவே நீள்கிறது. நான் பயந்த ஆணி என் கற்பனையில்தான் இருந்தது.

இதை வீக்கம் என்றே நம்பி ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். 2003இல் லெமான்ட் குழுவினர், அறுவையில் எடுத்த 50 பேரின் திசுக்களை ஆராய்ந்து, அதில் அழற்சியைவிடச் சிதைவுதான் தெரிகிறது என்றார்கள். ஊசி சில வாரம் நிம்மதி தரும். திரும்பத் திரும்பப் போட்டால் நார் அறுந்துபோகும் ஆபத்தும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயும் ஆபத்தும் உண்டு.

1980இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்கப் பயன்பட்ட அதிர்வலை, 2000இல் அமெரிக்காவில் குதிகால் வலிக்கும் அனுமதி பெற்றது. அதுவும் முள்ளை உடைப்பதில்லை. வலி போன பிறகும் முள் அங்கேயே இருக்கும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி 2003இல் வந்தது. அமெரிக்க மருத்துவர் டிஜியோவானி குழுவினர் ஒரு பயிற்சியைச் சோதித்துப் பலன் கண்டார்கள். காலையில் தரையில் கால் வைக்கும் முன், வலிக்கும் காலை மறு தொடை மேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுங்கள். உள்ளங்கால் நார் விறைப்பது தெரியும். பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இப்படிப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. கூடவே மெத்தென்ற செருப்பு, வெறுங்காலில் நிற்பதைக் குறைத்தல், உடல் எடையில் கவனம். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை இல்லாமலே குணமாகிவிடுகிறது. எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. முள் இன்னும் இருக்கிறது, நானும் நடக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் செங்கல் ஒத்தடம் பக்கம் போகவே வேண்டாம். கால் மரத்திருந்தால் சுடுவதே தெரியாது, புண்ணாகிவிடும். காய்ச்சல், வீக்கம், மரமரப்பு, விழுந்த அடி, இரவில் ஓயாத வலி, இளவயதில் முதுகு விறைப்போடு வரும் வலி என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.

மாணவியிடம் கடைசியாக ஒன்று சொன்னேன்: "ஆபரேஷன் எங்கேயும் ஓடிப்போகாதும்மா. ஆறு மாசம் காலை இழுத்துப் பாரு. அப்பவும் தீரலேன்னா, இன்னொரு டாக்டரையும் கேட்டு முடிவு பண்ணு." "சரி சார், வீட்டுப்பாடம் மாதிரி செய்றேன்" என்று சிரித்தாள்.

வகுப்பில் அடிக்கடி சொல்வேன், நினைவிருக்கிறதா? கண்ணில் பட்டது எல்லாம் காரணம் ஆகிவிடாது. அரசர்களின் வீழ்ச்சிக்குச் சொன்னது, குதிகாலுக்கும் பொருந்துகிறது.

எல்லோரும் நலமாக நடந்து வாழுங்கள்.