பழுது நீக்கிப் பயன் கண்டோர்

ஒரு பொருளை ஆக்கியவரின் பெயரைக் கல்வெட்டும் ஏடும் காத்து வைக்கின்றன. அது பழுதுற்ற நாளில் மீண்டும் அதை இயங்கச் செய்தவரின் பெயரையோ உலகம் எளிதில் மறந்துவிடுகிறது. ஆயினும், ஆக்கியவர் கண்மூடிய பின்னும் அப்பொருள் மக்களுக்குப் பயன்பட்டு வருமாயின், அதற்குக் காரணம் பழுது நீக்குவோரே. மறக்கப்பட்ட அக்கூட்டத்தாருள் ஒரு சாராரின் வரலாற்றை இம்மாதம் நம் வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறோம். கணிப்பொறிகளைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டு நம் நாட்டில் ஒரு நிறுவனம் எழுந்து நிலைபெற்ற வரலாறு அது. அதற்குள் புகுமுன், அதே தொழிலைப் பற்றிய பழைய செய்தி ஒன்றைத் திமிஷ்கு நகரிலிருந்து எடுத்துச் சொல்வது பொருந்தும் என எண்ணுகிறோம்.

ஜைரூன் வாயில் மணிக்கூடு

நூருத்தீன் மஹ்மூது இப்னு ஸங்கீ அவர்களின் ஆட்சிக் காலம். கி.பி. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. திமிஷ்கு நகரத்துப் பெரிய பள்ளிவாசலின் கிழக்கே உள்ள ஜைரூன் வாயிலில், முஹம்மது அஸ்ஸாஅத்தி என்னும் அறிஞர் ஒரு நீர்க்கடிகாரத்தை அமைத்தார். 1184ஆம் ஆண்டில் அந்நகருக்கு வந்த அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர் அதனைக் கண்டு வியந்து தம் பயண நூலில் விரிவாக வருணித்திருக்கிறார். ஒரு மணி கழிந்ததும் இரண்டு பித்தளைப் பருந்துகளின் அலகிலிருந்து இரு குண்டுகள் கிண்ணங்களில் விழும், ஓசை எழும், கழிந்த மணிக்குரிய சிறு கதவு மூடிக்கொள்ளும். இரவில் விளக்கொளியால் நேரம் தெரியும்.

இத்தகைய அருங்கருவி, அமைத்தவர் மறைந்த பின் என்னவாயிற்று? உள்ளமைப்பை அறியாதோர் கைவைத்ததால் சீர்கெட்டது. இறுதியில் அவருடைய மகனார் ரிள்வான் முன்வந்து அதனைச் செப்பனிட்டார். அவர் மருத்துவம் கற்றவர். ஆட்சிப் பொறுப்புகளிலும் இருந்தவர். செப்பனிட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. 1203ஆம் ஆண்டில், அக்கடிகாரத்தின் ஒவ்வோர் உறுப்பையும், அது செய்யப்பட்ட முறையையும், இயக்கும் முறையையும் படங்களுடன் ஒரு நூலாக எழுதி வைத்தார். தந்தையாரின் மனத்திலும் கையிலும் மட்டும் இருந்த அறிவு ஏட்டில் ஏறியது. கடிகாரம் இன்று இல்லை; நூல் இருக்கிறது.

ஓர் இயந்திரத்தின் உள்ளறிவு ஒருவரிடம் மட்டும் அடைபட்டிருந்தால் அவர் போகும்போது அதுவும் போய்விடும் என்பதே இச்செய்தி தரும் பாடம். ஏறத்தாழ 775 ஆண்டுகளுக்குப் பின்னர், இதே பாடத்தை நம் நாடும் கற்க நேர்ந்தது.

வாடகைக்கு வந்த இயந்திரங்கள்

ஐ.பி.எம். என்னும் அமெரிக்க நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் சுதந்திர இந்தியாவில் தொழில் நடத்த வந்தது. 1959ஆம் ஆண்டில் அது உலகச் சந்தைக்கு அறிமுகம் செய்த 1401 என்னும் கணிப்பொறி, அடுத்த பத்தாண்டில் இந்தியாவின் ரயில்வே அலுவலகங்களிலும் பெருந்தொழிற்சாலைகளிலும் இடம்பெற்றது. ஒரு பெரிய அறையை நிறைக்கும் அவ்வியந்திரம், துளையிட்ட அட்டைகளை நிமிடத்திற்கு 800 வீதம் படிக்கும். நிமிடத்திற்கு 600 வரிகள் அச்சிடும். அதன் நினைவகமோ மிகுதியாகப் போனால் 16,000 எழுத்துகளையே தாங்கும். இன்று நம் பிள்ளைகள் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசியோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கவும் இயலாது. ஆயினும் ஆயிரக்கணக்கான ஊழியரின் சம்பளப் பட்டியலை அதுவே தயாரித்துக் கொடுத்தது.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. இவ்வியந்திரங்களில் பெரும்பாலானவை விலைக்குத் தரப்படவில்லை. மாத வாடகைக்கே விடப்பட்டன. பழுதுபார்க்கும் பொறுப்பு வாடகையிலேயே அடங்கியிருந்தது. பழுது என்று சொல்லியனுப்பினால் நிறுவனத்தின் பொறியாளர் பெட்டியுடன் வந்து நிற்பார். வேலை செம்மையாகவே நடந்தது. அதனை மறைப்பது நேர்மையன்று. ஆனால் வரைபடமும் உதிரிப் பாகமும் பயிற்சியும் நிறுவனத்தாரிடமே இருந்தன. இயந்திரத்தைப் பயன்படுத்தியவர் அதன் கதவைத் திறந்து பார்க்கவும் உரிமையற்றவராக இருந்தார். பிற நாடுகளில் பயன்படுத்திக் கழித்த இயந்திரங்களைப் புதுப்பித்து இங்கே வாடகைக்கு விடுவது குறித்தும் குறைகூறல் எழுந்தது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1970களின் நடுவில் இதனை ஆராய்ந்து கடிந்துரைத்தது. 1971ஆம் ஆண்டிலேயே 1401இன் விற்பனையை ஐ.பி.எம். முடித்துக்கொண்டுவிட்டது, இந்தியாவிலோ அவை அதன் பின்னும் பல்லாண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

தாகத்திற்கு முன் வெட்டிய கிணறு

1973ஆம் ஆண்டில் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அயல்நாட்டு நிறுவனங்கள் பலவும் இந்தியக் கிளையில் தம் பங்கை 40 விழுக்காட்டிற்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் விளைவு. ஐ.பி.எம். அதற்கு உடன்படவில்லை. 1977ஆம் ஆண்டில் ஜனதா அரசு பதவியேற்று, ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சரானார். அவ்வாண்டின் இறுதியில், வெளியேறுவதாக ஐ.பி.எம். அறிவித்தது, 1978இல் வெளியேறியது.

இவ்வளவும் பலருக்கு நினைவிருக்கும். பலரும் மறந்துவிட்ட செய்தி வேறொன்று. ஐ.பி.எம். போய்விடக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தோர் அதற்கு ஈராண்டுகள் முன்னரே இருந்தனர். 1975ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ‘கம்ப்யூட்டர் மெயின்டெனன்ஸ் கார்ப்பரேஷன்’ என்னும் நிறுவனத்தை மத்திய அரசு பதிவு செய்தது. ‘கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம்’ என அதனைத் தமிழில் கூறலாம். கணிப்பொறி செய்வதற்கென்று அது தொடங்கப்படவில்லை, விற்பதற்கென்றும் அன்று, பழுதுபார்த்துப் பேணுவதற்கென்றே தொடங்கப்பட்டது. தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவது நம்மவரின் பழக்கம் என்பார்கள். இங்கே கிணறு முன்னரே வெட்டப்பட்டிருந்தது.

1978இல் ஐ.பி.எம். வெளியேறியபோது, நாடெங்கும் 800க்கும் மேற்பட்ட இடங்களில் இருந்த அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு இப்புதிய நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அமெரிக்க நிறுவனத்தில் பணிபுரிந்த பொறியாளர் பலரும் இதில் வந்து சேர்ந்தனர். இயந்திரம் இறக்குமதியாகலாம், ஆனால் அதனைத் தொட்டுப் பழகிய கைகள் இந்தியக் கைகள் என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கியது.

பட்டறையின் உள்ளே

இத்தொழில் எத்தகையது என்பதைச் சற்றே கூறுதல் வேண்டும். 1401இன் உள்ளே உள்ளங்கையளவுள்ள மின்சுற்று அட்டைகள் ஆயிரக்கணக்கில் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் சில டிரான்ஸிஸ்டர்கள் இருக்கும். ஒன்று கெட்டாலும் கணக்குப் பிழைபடும். எந்த அட்டை கெட்டது என்பதை வரைபடத்தைப் பின்பற்றி, அலைகாட்டும் கருவியால் சோதித்து, படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். மருத்துவர் நாடி பார்ப்பதைப் போன்ற வேலை அது. கண்டுபிடித்தபின் நல்ல அட்டையை மாற்றிச் செருகுவது சிறிது நேர வேலையே. ஆனால் அந்த நல்ல அட்டை கைவசம் இருக்க வேண்டுமே! உற்பத்தி நின்றுபோன இயந்திரத்திற்குப் புதிய அட்டைக்கு எங்கே போவது? கெட்ட அட்டையைத் தூக்கி எறியாமல், அதில் பழுதான உறுப்பை மட்டும் எடுத்து, வேறொன்றை ஈயம் உருக்கிப் பற்றவைத்து மீட்பதே வழி.

மின்சுற்றைவிட இயந்திர உறுப்புகளே மிகுதியாகத் தொல்லை தருவன. அட்டை படிக்கும் தூரிகைகள் தேயும். அச்சுச் சங்கிலி அழுக்கேறும். நம் நாட்டு வெப்பமும் தூசியும் நிலையில்லாத மின்னழுத்தமும் அவற்றின் ஆயுளைக் குறைக்கும். ஆகவே பழுது வந்தபின் ஓடுவதைவிடப் பழுது வராமல் காப்பதே பராமரிப்பின் உயிர்நாடி. குறித்த நாளில் சென்று துடைத்து, எண்ணெயிட்டு, சோதித்து, செய்ததைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துத் திரும்புவதே பொறியாளரின் அன்றாடக் கடமை.

வருமானத்தின் இரகசியமும் இதிலேயே இருந்தது. ஒவ்வொரு பழுதுக்கும் கூலி வாங்கினால் பழுது மிகுவதே பழுதுபார்ப்பவனுக்கு ஆதாயம். ஆண்டுக்கு இவ்வளவு என ஒப்பந்தம் செய்துகொண்டால் பழுது குறைவதே ஆதாயம். இரு தரப்பாரின் நலனும் ஒன்றாகிவிடுகிறது. ஆண்டு ஒப்பந்தம் தரும் நிலையான வருவாயில்தான் ஊழியருக்குச் சம்பளமும் உதிரிப் பாகக் கிடங்கும் சாத்தியமாகும்.

வேலியும் விளைச்சலும்

ஐ.பி.எம். இயந்திரங்களோடு தொடங்கிய நிறுவனம், பின்னர் பிற அயல்நாட்டுக் கணிப்பொறிகளையும் பராமரிக்கத் தொடங்கியது. ஒரே வகையை மட்டும் அறிந்தவருக்கும் பல வகைகளின் உள்ளே கைவிட்டுப் பார்த்தவருக்கும் அறிவில் பெரும் வேறுபாடு உண்டு. இயந்திரத்தைச் செப்பனிடச் சென்ற இடங்களில், அந்தந்த அலுவலகத்தின் வேலை எப்படி நடக்கிறது என்பதையும் இப்பொறியாளர்கள் கண்டார்கள். பழுதுபார்க்கச் சென்றவர்கள் புதிய முறைகளை வகுத்துத் தருபவர்களாக வளர்ந்தார்கள். 1985-86ஆம் ஆண்டில் புதுடில்லியில் ரயில் பயணிகளுக்குக் கணிப்பொறி வழியே இடம் பதிவுசெய்யும் முறையை அமைத்துக் கொடுத்தது இந்நிறுவனமே. ஒரே சாளரத்தில் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம் என்னும் வசதி அதனால் வந்தது. ஊருக்கு ஊர் வரிசையில் நின்று களைத்த நம் குடும்பத்தார் அனைவரும் அதன் பயனை நுகர்ந்தவர்களே.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அயல்நாட்டுக் கணிப்பொறிகளைப் பராமரிப்பதில் அரசு இந்நிறுவனத்திற்குத் தனியுரிமையே வழங்கியிருந்தது. முளைக்கும் பயிருக்கு வேலி வேண்டும்; ஆனால் வேலியே நிரந்தரமாகிவிட்டால் பயிர் காற்றைத் தாங்கப் பழகாது. 1980களில் சிறிய கணிப்பொறிகள் பெருகி, போட்டி வந்தது. பராமரிப்பை மட்டும் நம்பியிருந்தால் நிறுவனம் நலிந்திருக்கும். வேறு துறைகளிலும் முன்னரே கால் ஊன்றியிருந்ததால் பிழைத்தது. 2001இல் அரசு தன் பங்கில் பெரும்பகுதியாகிய 51 விழுக்காட்டை டாட்டா குழுமத்திற்கு விற்றது. 2015இல் டாட்டா கன்ஸல்டன்ஸி நிறுவனத்தோடு அது இணைந்துவிட்டது. பெயர் மறைந்தது, அது வகுத்த முறைகளும் பயிற்றிய மனிதர்களும் நிலைத்தனர்.

ஐ.பி.எம். விட்டுச்சென்ற வெற்றிடத்தைக் கண்டு முன்வந்த தனியாருள் ஒருவர் அஸீம் பிரேம்ஜி. மஹாராஷ்டிரத்து அமல்னேரில் 1945இல் தந்தையார் தொடங்கிய சமையல் எண்ணெய்த் தொழிலை, 1966இல் தம் 21ஆம் வயதில் ஏற்றவர் அவர். எண்ணெய் வணிகத்திலிருந்து 1980களின் தொடக்கத்தில் கணிப்பொறித் தொழிலுக்கு அவருடைய விப்ரோ நிறுவனம் அடியெடுத்து வைத்தது. பரம்பரைத் தொழிலே கதி என்றிராமல், காலம் திறந்த வாயிலை அவர் கண்டுகொண்டார்.

அமானத்தும் கூலியும்

நம் இளைஞர் பலர் இன்று கடைத்தெருவில் ஒரு சிறு இடம் பிடித்து, மேசையும் திருப்புளியும் பற்றவைக்கும் கோலும் வைத்துக் கணிப்பொறியும் கைப்பேசியும் பழுதுபார்க்கத் தொடங்குகிறார்கள். வளைகுடா நாட்டில் ஆண்டுகள் பல உழைத்துச் சேர்த்த பணத்தை முதலாக இடுவோரும் உண்டு. கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் குடும்பங்கள் இன்னும் இருப்பது வருந்தத்தக்கது. நபி தாவூது (அலை) அவர்கள் இரும்பை உருக்கிக் கவசம் செய்து, தம் கையுழைப்பில் உண்டவர்கள் என்பதை நாம் அறிவோம்.

ஆனால் இத்தொழில் திறமையால் மட்டும் நிலைக்காது. பிறர் பொருள் நம் கையில் அமானத்தாக இருக்கிறது. பலரிடமும் வேலை ஏற்கும் கைவினைஞனிடத்தில் பொருள் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்னும் கேள்வியை நம் சட்ட மேதைகள் அன்றே ஆராய்ந்தார்கள். ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் சாயம் தோய்ப்போர் போன்ற கைவினைஞரைப் பொறுப்பாளிகளாக ஆக்கினார்கள் என அறிவிக்கப்பட்டுள்ளது. கைவினைஞனின் செயலால் அன்றித் தானே அழிந்த பொருளுக்கு ஈடு இல்லை என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்களின் மாணவர்களாகிய இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) மாறுபட்டு, பெருந்தீ போன்ற தவிர்க்க முடியாத ஆபத்தாலன்றி வேறெவ்வாறு அழிந்தாலும் ஈடு செய்தாக வேண்டும் என்றார்கள். மக்களின் பொருள் பாதுகாக்கப்பட வேண்டும் என்னும் கவலையே இதற்குக் காரணம்.

இன்று அந்த அமானத்து பன்மடங்கு கனமானது. ஒருவர் கொடுத்துச் செல்லும் கணிப்பொறியில் அவருடைய வணிகக் கணக்கு இருக்கிறது. வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கின்றன. மகனின் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்ப்பது பூட்டிய வீட்டுக்குள் புகுவதற்கு ஒப்பாகும். நல்ல உறுப்பைக் கெட்டது என்று சொல்லிக் கழற்றுவதும், பழைய உறுப்பைப் புதியதெனப் பொருத்துவதும் அளவையில் மோசம் செய்வதே. ‘நாளை தருகிறேன்’ என்று பத்து நாள் அலைக்கழிப்பதும் வாக்குறுதிக்கு மாறானதே. தொடங்கிய கடை ஓராண்டுக்குள் மூடப்படுவதற்கு மூலதனக் குறைவைவிட இக்குறைகளே மிகுதியும் காரணம் எனக் கருதுகிறோம்.

ஆகவே, புதிதாகத் தொழில் தொடங்குவோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை சில உண்டு. தேவை எழுமுன் கற்றுக்கொள்ளுங்கள். கெட்ட உறுப்பையும் மீட்கப் பழகுங்கள். பள்ளிக்கூடம், அச்சகம், மருந்துக்கடை ஆகியவற்றோடு ஆண்டு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். செய்த வேலையை நாளும் குறிப்பேட்டில் எழுதுங்கள். உங்களிடம் வந்து சேரும் சிறுவனிடம் எதையும் ஒளிக்காதீர்கள். தொழில் இரகசியம் என்று நாம் மூடிவைப்பது, நமக்குப் பின் நம் கடையை மூடிவிடும்.

தந்தையாரின் கடிகாரத்தைச் செப்பனிட்ட ரிள்வான், தாம் அறிந்ததை ஏட்டில் எழுதி வைத்தார். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஜைரூன் வாயில் மணிக்கூட்டின் ஒவ்வோர் உறுப்பையும் நாம் அறிய முடிகிறதென்றால் அதற்கு அந்நூலே காரணம். அத்தகைய கைகளையும் உள்ளங்களையும் நம் சமுதாயத்தில் வல்ல அல்லாஹ் பெருகச் செய்வானாக!