தேக்கு இறங்கிய பாதை

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் குடியேறுவதற்கு நெடுங்காலம் முன்பே, மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கு பம்பாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. 1736ஆம் ஆண்டில் சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவும் அவர் வழியினரும் பம்பாய்க் கப்பல் தளத்தில் மலபார்த் தேக்கினால் போர்க்கப்பல்கள் கட்டினர். அவற்றுள் ஒன்றான ‘ட்ரிங்கோமலி’, 1817இல் கடலில் இறக்கப்பட்டது; இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது.

மரத்தை வெட்டுவதைவிடக் கொண்டுவருவதே அரிய செயல். மரம் மிதந்து வர ஆற்றில் வெள்ளம் வேண்டும். அவ்வெள்ளம் தருவதோ தென்மேற்குப் பருவமழை. அதே மழைக்காலத்தில் மேலைக் கடல் கொந்தளிக்கும். பாய்மரக் கலங்கள் ஓடா. ஆகவே ஆறு தந்த மரம் கடலுக்காகக் கழிமுகத்தில் காத்துக் கிடந்தது. ஆனைமலையில் ஆறு எட்டாத உச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டனர். ‘டாப் ஸ்லிப்’ என்ற பெயர் அதனால் வந்ததே.

மழையை நம்பாத வழியைக் கண்டது கொச்சி சமஸ்தானம். பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவுக்கு டிராம் பாதை அமைக்கும் யோசனையை வனப் பாதுகாவலர் ஆழ்வார் செட்டி முன்வைத்தார். 1907இல் அது நடைமுறைக்கு வந்தது. சமதளத்தில் நீராவி எஞ்சின் இழுத்தது. செங்குத்தான சரிவுகளில் எஞ்சினுக்கு வேலையில்லை. கிணற்று உருளையில் ஒரு வாளி இறங்க மறுவாளி ஏறுவதுபோல, கம்பிவடத்தின் ஒரு முனையில் பாரவண்டி இறங்கும்; அதன் கனமே மறுமுனையிலுள்ள காலி வண்டியை மேலே இழுக்கும். வேகத்தைத் தடைக்கட்டை அடக்கும்.

கேட்க எளிது. ஆயினும் மேலே பாரவண்டி ஆயத்தமாகும் வேளையில் கீழே காலி வண்டி வந்திருக்க வேண்டும். அது பிந்தினால் மேலே மரம் தேங்கும். மரம் தேங்கினால் அதை இழுத்து வந்த யானையும் ஏற்றும் ஆளும் வாளாவிருக்க நேரும். ஒரு சரிவில் நேர்ந்த தாமதம் அடுத்த சரிவையும் தாக்கும். காட்டில் மரம் வெட்டுவோர் முதல் சாலக்குடி ரயில் நிலையத்தார் வரை யாவரும் ஒரே கணக்கிற் கட்டுண்டனர். எஞ்சினைவிட இக்கணக்கே அப்பாதையின் உயிர் என்பது என் கருத்து.

வரவு செலவுக்கு ஈடாகவில்லை என்ற முறையீடு நெடுநாள் இருந்தது. 1963இல் பாதை மூடப்பட்டது. அது தொடங்கிய பரம்பிக்குளம் இப்போது புலிகள் காப்பகம்.