ரோசா அத்தரைக் கண்டறிந்தவர்

மணவீட்டு வாசலிலே பன்னீர் தெளித்து வரவேற்கும் வழக்கம் நேயர்கள் யாவரும் அறிந்ததே. ரோசா இதழ்களை நீருடன் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரச் செய்து வடித்தெடுப்பது பன்னீர். பாரசீக நாட்டுப் பன்னீர் பன்னூறு ஆண்டுகளாகக் கப்பலேறிப் பிறநாடுகளுக்குச் சென்றது. அப்பன்னீரினுள்ளே அதனினும் பன்மடங்கு வலிய மணப்பொருளொன்று மறைந்திருந்தது. அதுவே ரோசா அத்தர்.

இந்தியாவில் அதனைக் கண்டறிந்தவர் யார்? பேரரசி நூர்ஜஹான் என்பதே பலரும் கூறும் விடை. அரண்மனைத் தோட்டத்து வாய்க்காலைப் பன்னீரால் நிரப்பினர் என்றும், வெயில் பட்டதும் அதன்மேல் எண்ணெய் மிதந்தது என்றும் கதை சொல்வர். கேட்பதற்கு இனிய கதைதான். ஒரு வாய்க்கால் நிறையும் பன்னீருக்கு எத்தனை வண்டி மலர் வேண்டும் என எண்ணிப் பார்ப்போருக்கு ஐயம் எழாமற் போகாது.

நமக்கு இதனினும் நல்ல சான்று உண்டு. 1605 முதல் 1627 வரை ஆண்ட ஜஹாங்கீர் மன்னர் தம் நினைவுக் குறிப்பிலே இச்செய்தியைத் தாமே எழுதி வைத்துள்ளார். அவர் குறிப்பிடுவது நூர்ஜஹானை அன்று. அவருடைய தாயாராகிய அஸ்மத் பேகத்தை. அவ்வம்மையார் பன்னீர் வடிக்கையில், சூடான பன்னீரை ஊற்றிய தட்டங்களின்மேல் மெல்லிய ஏடொன்று படியக் கண்டார். வேறொருவராயின் அழுக்கென்று வழித்தெறிந்திருப்பர். அவரோ அதனைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்தார். ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தால் அவை முழுவதும் மணக்கும் என்று மன்னர் வியந்து, முத்துமாலை ஒன்றைப் பரிசளித்தார். அங்கிருந்த சலீமா சுல்தான் பேகம், அக்பரின் மனைவியருள் ஒருவர், அதற்கு 'ஜஹாங்கீரி அத்தர்' எனப் பெயரிட்டார். கண்டவர் மாமியார், பெயர் மருமகனுக்கு. புகழோ பின்னாளில் மகளைச் சென்றடைந்தது.

பன்னீரின்மேல் நெய் மிதப்பதைப் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய நூல்களும் குறிப்பிடுவதால், உலகிலேயே முதன்முதல் என்று நாம் துணிந்து கூறல் இயலாது. எனினும் அம்மையாரின் கூர்மையை அது குறைக்காது. ரோசா நெய் நீரினும் இலேசானது. குளிர்ந்தவிடத்து உறையும் இயல்புடையது. அளவிலோ மிகச் சொற்பம். ஒரு கிலோ நெய்க்குச் சுமார் 3,000 முதல் 4,000 கிலோ மலர் வேண்டும். அம்மலர்களையும் வெயில் ஏறுமுன் கொய்தாக வேண்டும். அதனாற்றான் பலர் கண்ணுக்கு அது புலப்படவில்லை.

பின்னர் காசிப்பூரில், பன்னீரை அகன்ற கலங்களில் இரவு முழுதும் பனியிலே வைத்து, விடியலில் மேலேட்டை எடுத்தனர். கன்னோசி நகரத்தார் செப்புக் கொப்பரையின் மூடியை மண்ணாற் பூசி, மூங்கிற் குழாய் வழியே ஆவியைச் சந்தன எண்ணெயிற் செலுத்தினர். சந்தனம் மணத்தைப் பற்றிக்கொள்ளும். மதுசாரம் கலவாத இவ்வத்தர் இன்றும் அங்கே வடிக்கப்படுகிறது.

அஸ்மத் பேகம் 1621இல் மறைந்தார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். ஆக்ராவில், யமுனைக் கரையிலே மகள் எழுப்பிய வெண்பளிங்கு மாளிகையில் இருவரும் அருகருகே துயில்கின்றனர். சுவரெங்கும் மலர்களும் பூச்சாடிகளும் இழைத்த அம்மாளிகை, கணவரின் பட்டப்பெயரால் 'இத்மாத் உத் தௌலா' கல்லறை என்றே வழங்குகிறது.