பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடியுரிமை: ஊரே வாக்களித்து முடிவெடுத்தால் என்ன ஆகும்?

உங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் ஒரு சிறு கையேடு வந்து கிடக்கிறது. உள்ளே சில பேரின் விவரங்கள்: வயது, படிப்பு, வேலை, எந்த நாட்டிலிருந்து வந்தவர், இங்கே எத்தனை ஆண்டு இருக்கிறார், நம் மொழி எவ்வளவு பேசுவார். எல்லாரும் உங்கள் வட்டாரத்தில் குடியிருப்பவர்கள். ஒருவர் உங்கள் புளோக்கின் கீழே கடை வைத்திருப்பவராகக்கூட இருக்கலாம். இவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கலாமா, வேண்டாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று குறித்து வாக்குப் பெட்டியில் போட வேண்டும். ஏன் ‘இல்லை’ என்று யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள்.

கேட்க கற்பனைக் கதை மாதிரி இருக்கிறதா? சுவிட்சர்லந்தின் சில ஊர்களில் 2003ஆம் ஆண்டு வரை நிஜமாகவே இப்படி நடந்தது.

ஜனநாயகம், குடியேற்றம் பற்றி உலகெங்கும் சூடாக விவாதிக்கிறார்கள். ஆனால் அந்த விவாதத்தில் பெரும்பாலும் கருத்துதான் இருக்கும், ஆதாரம் குறைவு. சுவிஸ் ஊர்களின் பழைய வாக்கெடுப்புத் தாள்கள் அந்த வகையில் ஒரு புதையல். ஜென்ஸ் ஹைன்முல்லர், டொமினிக் ஹான்கார்ட்னர் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் அந்தத் தாள்களைத் தேடிச் சேகரித்தார்கள். ஹைன்முல்லர் இப்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஹான்கார்ட்னர் சூரிக்கில் இருக்கிறார். அவர்கள் கண்டுபிடித்ததைப் பார்ப்பதற்குமுன், அந்த நாட்டின் நடைமுறையைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

ஊர் சொன்னால்தான் குடிமகன்

சிங்கப்பூரில் குடியுரிமை விண்ணப்பங்களைக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் பார்க்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் வேலை இல்லை. சுவிட்சர்லந்தில் கணக்கே வேறு. அங்கே ஒருவர் குடிமகன் ஆக வேண்டுமென்றால் மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும்: நாடு, கான்டன் எனப்படும் மாநிலம், அவர் வசிக்கும் ஊர். ஊர் ‘சரி’ என்று சொல்லாவிட்டால் மற்ற இரண்டும் திறந்திருந்தும் பயனில்லை.

அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பெற்றோர் வெளிநாட்டவர் என்றால் பிள்ளையும் வெளிநாட்டவர். சுவிஸ் பள்ளியில் படித்து, சுவிஸ் ஜெர்மனைத் தாய்மொழி போலப் பேசினாலும் விண்ணப்பம் போட்டுத்தான் ஆக வேண்டும். இன்றைக்கு அந்நாட்டில் வசிப்பவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாட்டுக் குடிமக்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1980களின் போர்ச் சூழலில் இலங்கையிலிருந்து தஞ்சம் தேடிப் போன தமிழர்கள் அங்கே பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இந்த வரிசையில் நின்றவர்கள்தான். (அதிகாரிகள் வீடு தேடி வந்து ‘நீங்கள் உண்மையில் சுவிஸ்தானா’ என்று சோதிப்பதைக் கிண்டல் செய்து 1978இல் ‘டி ஷ்வைட்ஸர்மாகர்’ என்று ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. சுவிஸ் சினிமாவின் மாபெரும் வெற்றிப் படங்களில் ஒன்று. ஆக, தங்கள் நடைமுறையைப் பார்த்து அவர்களே சிரித்திருக்கிறார்கள்.)

ஊர் எப்படி முடிவு எடுக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். சில ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் முடிவு செய்தது. பல ஊர்களில் ஊர்க் கூட்டம் கூடி, கை தூக்கி முடிவு செய்தார்கள். இன்னும் சில ஊர்களில் ரகசிய வாக்கெடுப்பு. நாம் மேலே பார்த்த கையேடு இந்தக் கடைசி வகைதான்.

2,400 விண்ணப்பங்கள் சொன்ன கதை

ரகசிய வாக்கெடுப்பு நடத்திய 44 ஊர்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1970 முதல் 2003 வரை, சுமார் 2,400 விண்ணப்பங்கள். வாக்காளருக்கு என்ன தகவல் கொடுக்கப்பட்டது என்பது கையேட்டில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எத்தனை ‘இல்லை’ விழுந்தது என்பது ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். வாக்காளர் எதைப் பார்த்து முடிவெடுத்தார் என்று தெரிந்துவிடும்.

மக்களிடம் நேரடியாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘மொழி தெரிகிறதா, வேலை செய்கிறாரா, ஊரோடு ஒட்டி வாழ்கிறாரா, அதைத்தான் பார்ப்போம்’ என்று பலரும் சொல்லியிருப்பார்கள். வாக்குகள் வேறு மாதிரி பேசின. மொழித் திறன், ஊரோடு ஒன்றிய விதம், வேலை, படிப்பு ஆகிய எல்லாவற்றையும்விட அதிகமாக எடைபோட்டது ஒன்றே ஒன்று: அவர் எந்த நாட்டிலிருந்து வந்தவர்.

2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, முன்னாள் யுகோஸ்லாவியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்தவர்களுக்கு விழுந்த ‘இல்லை’ வாக்குகளின் பங்கு, மற்ற எல்லாத் தகுதிகளிலும் அவர்களைப் போலவே இருந்த வட, மேற்கு ஐரோப்பியர்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். இந்த 40ஐச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், இங்கேதான் பலரும் குழம்புவார்கள். ஒரு மேற்கு ஐரோப்பியருக்கு நூற்றில் 35 ‘இல்லை’ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வயது, அதே வேலை, அதே மொழித் திறன் உள்ள துருக்கியருக்கு அது 49 ஆகிவிடும். முதலாமவர் நிம்மதியாகத் தேறிவிடுகிறார். இரண்டாமவர் விளிம்பில் நிற்கிறார்.

இன்னொன்றும் தெரிந்தது. நல்ல படிப்பு, நல்ல வேலை என்பவை எல்லாருக்கும் ஒரே மாதிரி உதவவில்லை. பின்தங்கியதாகப் பார்க்கப்பட்ட நாட்டவருக்குத்தான் அவை அதிகம் கைகொடுத்தன. அதாவது, ஜெர்மானியர் ‘நான் நல்லவன்’ என்று நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை. துருக்கியர் நிரூபித்தாக வேண்டும். வெளிநாட்டவர்மீது வெறுப்பு அதிகமாக இருந்த ஊர்களில் இந்தப் பாகுபாடும் மிகக் கடுமையாக இருந்தது.

எம்மன் ஊரும் நீதிமன்றமும்

லூசர்ன் நகருக்குப் பக்கத்தில் எம்மன் என்று ஒரு தொழிற்சாலை ஊர். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே 56 பேரின் குடியுரிமை வாக்கெடுப்புக்கு வந்தது. தேறியவர்கள் 8 பேர். எட்டுப் பேருமே இத்தாலியப் பின்னணி கொண்டவர்கள். நிராகரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்னாள் யுகோஸ்லாவியாவைச் சேர்ந்தவர்கள். செய்தி உலகெங்கும் போனது.

வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2003 ஜூலையில் தீர்ப்பு வந்தது: குடியுரிமையை ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்வது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது. நீதிமன்றம் சொன்ன விளக்கம் எளிமையானது. குடியுரிமை விண்ணப்பம் ஒரு தனிமனிதரைப் பற்றியது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், அப்போதுதான் அது பாகுபாடா இல்லையா என்று பார்க்க முடியும். ஆயிரக்கணக்கான பேர் ரகசியமாகப் போட்ட வாக்குக்கு யார் காரணம் சொல்வது?

சுவிஸ் மக்கள் கட்சி கொதித்தது. மக்கள் முடிவை நீதிபதிகள் எப்படித் தள்ளலாம் என்பது அதன் வாதம். வாக்களிக்கும் உரிமையை ஊர்களுக்குத் திருப்பித் தரக் கோரி நாடளாவிய வாக்கெடுப்புக்கு அது ஏற்பாடு செய்தது. 2008 ஜூன் முதல் தேதி மக்கள் வாக்களித்தார்கள். ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் ‘வேண்டாம்’ என்றார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பக்கத்து வீட்டுக்காரரைத் தீர்ப்பிடும் அதிகாரம் மறுபடியும் எங்களுக்கு வேண்டாம் என்று மக்களே வாக்களித்துச் சொன்னார்கள்.

அதே மக்கள், வேறு முடிவு

தீர்ப்புக்குப் பிறகு பல ஊர்கள் அந்த அதிகாரத்தைத் தங்கள் மன்றத்திடம் கொடுத்தன. ஆய்வாளர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. 1991 முதல் 2009 வரை சுமார் 1,400 ஊர்களின் புள்ளிவிவரங்களை அலசினார்கள். மக்கள் நேரடியாக முடிவெடுத்த ஊர்களில் மன்றம் முடிவெடுக்கத் தொடங்கியதும், குடியுரிமை கிடைக்கும் விகிதம் சுமார் 60 விழுக்காடு கூடியது. மிகவும் ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கு இந்த ஏற்றம் இன்னும் அதிகம்.

‘ஓ, அரசியல்வாதிகள் நல்லவர்கள், மக்கள் கெட்டவர்கள் என்கிறீர்களா?’ இல்லைங்க. மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததும் அதே மக்கள்தான். அவர்களும் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள், அதே காப்பிக் கடையில் உட்காருபவர்கள். ஆய்வாளர்கள் காட்டும் வித்தியாசம் வேறு. ரகசியமாக வாக்களிப்பவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘இல்லை’ என்று குறிக்க ஒரு நொடி போதும், அதற்கு விலையே கிடையாது. மன்ற உறுப்பினரோ காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு விண்ணப்பதாரர் நீதிமன்றம் போகலாம். ‘அவர் துருக்கியர், அதான்’ என்று எந்தத் தாளிலும் எழுத முடியாதே! எழுத உட்காரும்போதுதான், நம்மிடம் சொல்லத்தக்க காரணம் இல்லை என்பதே தெரிகிறது.

குடியுரிமை கிடைத்தவருக்கு என்ன ஆனது?

இதுவரை வாக்களித்தவர்களைப் பற்றிப் பேசினோம். விண்ணப்பித்தவர்கள் பக்கம் வருவோம். குடியுரிமை என்பது நன்றாக ஒன்றிப்போன பிறகு தரும் பரிசா, அல்லது ஒன்றிப்போக உதவும் படிக்கட்டா? இது எல்லா நாட்டிலும் ஓயாத சண்டை. சாதாரணமாக இதற்கு விடை காண முடியாது. குடியுரிமை பெற்றவர்கள் அரசியலில் ஆர்வமாக இருந்தால், குடியுரிமையால் ஆர்வம் வந்ததா, ஆர்வம் இருந்ததால் விண்ணப்பித்தார்களா என்று எப்படிப் பிரிப்பது?

இங்கே அந்தப் பழைய வாக்கெடுப்புகள் மறுபடியும் உதவின. தொடக்கக் கல்லூரியில் இடம் கிடைக்க ஒரு புள்ளி மட்டும் குறைந்த மாணவரையும், சரியாக அந்தப் புள்ளியில் உள்ளே போனவரையும் நினைத்துப் பாருங்கள். திறமையில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வாழ்க்கை இரண்டு பாதையில் போகிறது. அதேபோல, ஒருசில வாக்குகளில் தேறியவர்களையும் ஒருசில வாக்குகளில் தோற்றவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இந்த இரு தரப்புக்கும் நடுவே இருந்தது கிட்டத்தட்ட அதிர்ஷ்டம் மட்டுமே. பல ஆண்டுகள் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

ஜுசெப்பே பியத்ரன்துவோனோவும் சேர்ந்து செய்து 2015இல் வெளியான ஆய்வு முதல் பதிலைத் தந்தது. மயிரிழையில் தேறியவர்கள் அரசியலில் அதிகம் பங்கெடுத்தார்கள், அரசியல் பற்றி அதிகம் தெரிந்துவைத்திருந்தார்கள், தங்கள் குரலுக்கு மதிப்பு உண்டு என்று அதிகம் நம்பினார்கள். 2017 ஆய்வில் சமூக வாழ்க்கையிலும் அதே போக்கு தெரிந்தது. ஒதுக்கப்பட்ட பிரிவினருக்குப் பலன் கூடுதல். சீக்கிரமாகக் கிடைத்தவர்களுக்கும் பலன் கூடுதல். பிறகு 2019இல் டால்ஸ்டன் வார்டுடன் சேர்ந்து சம்பளத்தைப் பார்த்தார்கள். வாக்கெடுப்பில் வென்றவர்கள் அடுத்த 15 ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 5,000 அமெரிக்க டாலர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதுவும் முக்கியமாக ஒதுக்கப்பட்ட பிரிவினரிடம்தான்.

தோற்றவர் பக்கமிருந்து இந்தக் கணக்கைப் பாருங்கள். முகம் தெரியாத சில பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘இல்லை’ என்று குறித்தார்கள். அதன் விலையை ஒருவர் பதினைந்து ஆண்டுகள் கட்டியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மயிரிழை ஒப்பீடு விளிம்பில் இருந்தவர்களைப் பற்றி மட்டுமே உறுதியாகப் பேசும். ஒரு சிறிய, பணக்கார ஐரோப்பிய நாட்டின் சில ஊர்களை வைத்து ‘எல்லா நாட்டிலும் குடியுரிமையை வாரி வழங்குங்கள்’ என்று யாராவது சமூக ஊடகத்தில் எழுதினால், ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ‘மக்கள் வாக்கெடுப்பே மோசம்’ என்றும் அது சொல்லவில்லை. வரி, சாலை, அணுமின் நிலையம் பற்றி வாக்களிப்பது வேறு, பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதரைப் பற்றி வாக்களிப்பது வேறு.

இப்போது நிலைமை என்ன?

குடியுரிமைக்கான ரகசிய வாக்கெடுப்பு போய்விட்டது. ஆனால் ஊர்க் கூட்டம் முடிவெடுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. அங்கே ஒருவரை நிராகரிக்க வேண்டுமென்றால், யாராவது எழுந்து நின்று காரணத்தோடு அதைக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம்.

2017இல் இன்னொரு நாடளாவிய வாக்கெடுப்பு நடந்தது. தாத்தா பாட்டி காலத்திலிருந்தே அங்கே வேரூன்றிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இளையர்களுக்குக் குடியுரிமையை எளிதாக்கலாமா என்பது கேள்வி. 60 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமானோர் ‘சரி’ என்றார்கள். மற்றவர்களுக்கு 2018இல் புதிய சட்டம் நடப்புக்கு வந்தது. விண்ணப்பிக்க 12 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்பது 10 ஆண்டாகக் குறைந்தது. கூடவே, ‘சி’ அனுமதி எனப்படும் நிரந்தரவாச அனுமதி இருந்தால்தான் விண்ணப்பமே போட முடியும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. தற்காலிக அனுமதியிலேயே ஆண்டுக்கணக்காக இருப்பவர்களுக்கு, பத்து ஆண்டு முடிந்தாலும் கதவு திறப்பதில்லை.