லாரிக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர்கள்

1977-ல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் தன் வெள்ளை லோட்டஸ் காரை அப்படியே கடலுக்குள் விடுவார். சக்கரமெல்லாம் உள்ளே மடங்கும், கார் நீர்மூழ்கியாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்து, கடற்கரையில் வெயில் காய்கிற ஜனங்களுக்கு நடுவே ஜம்மென்று ஏறி வரும். பார்க்க ரொம்ப சுலபமாகத்தான் இருக்கும். நிஜத்தில் இது ஏன் அவ்வளவு சுலபமில்லை என்று யோசித்தால்தான் சுவாரசியமே ஆரம்பிக்கிறது.

லாரிக்கு வேண்டியது ஒன்று, படகுக்கு வேண்டியது இன்னொன்று. லாரி கனமாக, உறுதியாக இருக்கணும். படகு இலேசாக இருக்கணும். லாரிக்கு அச்சு, சக்கரம், கியர் எல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். படகின் அடி வழுவழுவென்று இருந்தால்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். இதையெல்லாம்விட பெரிய சிக்கல் ஒன்று உண்டு. படகின் முதல் விதி, அடியில் ஓட்டை இருக்கக்கூடாது. ஆனால் உள்ளே இருக்கிற இன்ஜின் வெளியே இருக்கிற சக்கரத்தைச் சுற்ற வேண்டுமென்றால், ஷாஃப்ட் வெளியே வர ஓட்டை போட்டுத்தான் ஆகணும். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, கதைக்கு வருவோம். வருடம் 1942. அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கிவிட்டது. ஐரோப்பாவிலும் பசிபிக் தீவுகளிலும் எதிரி கையில் இருக்கிற கடற்கரைகளில் போய் இறங்கணும். வீரர்களை இறக்கிவிடலாம், அப்புறம் சோறு, குண்டு, பெட்ரோல்? துறைமுகம் கிடையாது. கப்பலிலிருந்து படகுக்கு, படகிலிருந்து மணலுக்கு, மணலிலிருந்து லாரிக்கு என்று ஒவ்வொரு மூட்டையையும் மூன்று தடவை தூக்கி இறக்க வேண்டும். கப்பல் பக்கத்திலேயே போய் சரக்கை ஏற்றி, நேராக ஊருக்குள் கொண்டுபோகும் வண்டி இருந்தால்?

இதற்கு முன்னால் ஜீப்பை நீந்த வைத்துப் பார்த்தார்கள். ஃபோர்டு கம்பெனி செய்த ஜிபிஏ என்ற அந்த வண்டி கனமோ கனம். விளிம்பு தண்ணீருக்கு மேலே கொஞ்சம்தான் நிற்கும், சுமாரான அலைக்கே உள்ளே தண்ணீர் வந்துவிடும். பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் செய்தும் படையில் யாருக்கும் பிடிக்கவில்லை.

அடுத்த முயற்சிதான் டியுகேடபிள்யு. வாயில் நுழையாத இந்தப் பெயருக்குப் பின்னால் எந்தக் கவிதையும் இல்லை, ஜெனரல் மோட்டார்ஸின் குறியீடு மட்டும்தான். டி என்றால் 1942-ம் வருட வடிவமைப்பு, யு என்றால் பொது உபயோகம், கே என்றால் முன்சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி, டபிள்யு என்றால் பின்னால் இரண்டு அச்சு. வீரர்கள் அதை 'டக்' ஆக்கிவிட்டார்கள். வாத்து! தரையிலும் தண்ணியிலும் போகிற ஜந்துவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா :)

செய்த ஆட்களைப் பாருங்கள். ராட் ஸ்டீபன்ஸ், நியூயார்க்கில் பந்தயப் பாய்மரப் படகுகளுக்குப் பேர்போன ஸ்பார்க்மேன் அண்ட் ஸ்டீபன்ஸ் கம்பெனிக்காரர். டென்னிஸ் புல்ஸ்டன், பாய்மரப் படகில் கடல் கடலாகச் சுற்றிய ஆங்கிலேயர். ஃபிராங்க் ஸ்பியர், எம்ஐடி-யில் படித்த இளம் ராணுவ அதிகாரி. லாரி தெரிந்தவர்களும் கடல் தெரிந்தவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தது இங்கேதான். இவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போகவில்லை. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்த ஜிஎம்சி-யின் இரண்டரை டன் ஆறு சக்கர லாரியை எடுத்து, அதைச் சுற்றிப் படகு உடலைக் கட்டினார்கள். நீளம் 31 அடி. ரோட்டில் மணிக்கு 80 கிலோமீட்டர், தண்ணீரில் சுமார் 10 கிலோமீட்டர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, டயர் காற்று. தார்ரோட்டில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம் வேண்டும், ஈர மணலில் பத்துப் பன்னிரண்டு போதும், இல்லாவிட்டால் புதைந்துவிடும். டிரைவர் சீட்டை விட்டு எழுந்திருக்காமலே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். இது ஸ்பியரின் வேலை. இரண்டு, பம்ப். ஷாஃப்ட் ஓட்டைகளில் எப்படியும் தண்ணீர் கசியும், குண்டு பட்டாலும் ஓட்டை விழும். அதனால் உள்ளே வருவதைவிட வேகமாக வெளியே இறைக்கும் பெரிய பம்புகளை வைத்தார்கள். இரண்டு அங்குல ஓட்டை விழுந்தாலும் சமாளிக்கும்.

ராணுவத்துக்கோ நம்பிக்கையே வரவில்லை. அங்கேதான் விதி விளையாடியது. 1942 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ப்ராவின்ஸ்டவுன் பக்கம் கடலோரக் காவல்படை படகு ஒன்று புயலில் மணல்திட்டில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஏழு பேர். சாதாரணப் படகுகள் கிட்டே போக முடியவில்லை. செய்முறை காட்டுவதற்காக ஒரு வாத்து அந்தப் பக்கம் வந்திருந்தது. அது அலைக்குள் இறங்கி ஏழு பேரையும் கொண்டுவந்தது. எதிர்ப்பெல்லாம் அதோடு கரைந்துபோனது. 1943 ஜூலையில் சிசிலி, அப்புறம் நார்மண்டி, பசிபிக் தீவுகள் என்று எங்கே பார்த்தாலும் வாத்து. மொத்தம் 21 ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள்.

எல்லாம் வெற்றிக்கதை என்று நினைக்க வேண்டாம். 1944 ஜூன் 6 அன்று ஓமாஹா கடற்கரைக்குப் போன ஒரு பீரங்கிப் படைப்பிரிவு தன் 12 பீரங்கிகளையும் வாத்துகளில் ஏற்றியது. கூடவே குண்டுகள், மணல்மூட்டைகள், ஆட்கள். கொந்தளிக்கிற கடலில் அதிக பாரம். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பீரங்கி. அலை ஓங்கி, பம்ப் தோற்றால் இந்த வண்டி வெறும் இரும்பு என்பது அன்றே தெரிந்துவிட்டது. போர்க்காலத்தில் அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுத்தார்கள், நியாயமும் இருந்தது.

போர் முடிந்ததும் மிச்ச வண்டிகளைச் சல்லிசாக விற்றார்கள். 1946-லேயே விஸ்கான்சின் டெல்ஸில் சுற்றுலாப் பயணிகளை ஏற்ற ஆரம்பித்தாயிற்று. வெயிலுக்கும் மழைக்கும் மேலே ஒரு கூரை போட்டார்கள். இந்தக் கூரையைத்தான் கவனிக்கணும்.

1999 மே 1. ஆர்கன்சாவில் ஹாமில்டன் ஏரி. 'மிஸ் மெஜஸ்டிக்' என்ற வாத்து 21 பேரோடு இறங்கி, சுமார் ஏழு நிமிடத்தில் பின்பக்கமாக மூழ்கியது. 13 பேர் இறந்தார்கள். காரணம்? ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தை மூடும் ரப்பர் உறை கழன்றுவிட்டது. முதலில் சொன்னேனே, அதே ஓட்டை. தப்பிக்க முயன்றவர்களைக் கூரை மேலே போக விடவில்லை. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது எளிமையானது: தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கிற மாதிரி காற்றறைகளோ அதுபோன்ற ஏற்பாடோ வையுங்கள். முடியாதென்றால் கூரையைக் கழற்றுங்கள். அது கட்டாயமாக்கப்படவில்லை.

2018 ஜூலை 19. மிசூரி மாநிலம், டேபிள் ராக் ஏரி. புயல் எச்சரிக்கைக்குப் பிறகும் தண்ணீரில் இறங்கிய இன்னொரு வாத்து மூழ்கியது. 31 பேரில் 17 பேர் இறந்தார்கள், அதில் ஒன்பது பேர் ஒரே குடும்பம். மறுபடியும் கூரை, பக்கவாட்டுத் திரை. 19 வருஷம் முன்பே பதில் தெரிந்த கேள்வி! 2022 டிசம்பரில்தான் அமெரிக்காவில் இதற்குச் சட்டம் வந்தது.

எங்கள் மென்பொருள் வேலையில், ஒரே ஒரு பாகம் செத்தால் மொத்தமும் சாகும் என்கிற இடத்தைத் தேடித் தேடி அடைப்போம். ஸ்டீபன்ஸும் ஸ்பியரும் அந்த இடத்தை அறிந்துதான் பம்ப் வைத்தார்கள். அவர்கள் கணக்குப் போட்டது ஒரு போருக்கு, பயிற்சி பெற்ற வீரர்களுக்கு. ஐம்பது அறுபது வருஷம் கழித்து அதே வண்டியில் குழந்தைகளை ஏற்றியவர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த முறை எங்கேயாவது படகுச் சவாரி போனால் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். தலைக்கு மேலே கூரை இருக்கிறதா, பக்கத்தில் திறந்த வழி இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அந்த ஜாக்கெட்டே உங்களை மேலே தள்ளிக் கூரையோடு அழுத்திவிடும்.